பிடி என்று ஒரு பெயர் இருந்தது

மரமும் விலங்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக ஒரு சொல் இருந்தது. வலையில் மீனை அகப்படுத்துவதற்கு ஒரு சொல். விறகில் நெருப்பு ஏறுவதற்கு வேறு சொல். குழந்தை தாயின் விரலைப் பற்றிக்கொள்வதற்கு ஒரு சொல் என்றால், குரங்கு கிளையைப் பற்றிக்கொள்வதற்கு இன்னொரு சொல். ஒருவரை ஒருவர் மனதால் விரும்புவதற்கும் ஒரு சொல் இருந்ததாம். அதைச் சொன்னால் வாயில் தேன் ஊறுமாம்.

'பிடி' என்பது அன்றைக்கு வினையே இல்லை. ஆண் யானை களிறு, பெண் யானை பிடி. வெறும் பெயர், அவ்வளவுதான்.

நெடுமணல் ஆற்றங்கரையில் பாசித்துறை என்று ஓர் ஊர். அங்கே பரிசல் ஓட்டியவள் சடைச்சி. ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் எல்லாரும் அவள் பரிசலில்தான் ஏற வேண்டும். அக்கரையில் நிற்பவனை இக்கரையில் இருந்தபடியே ஏசக்கூடிய குரல் அவளுக்கு. அவள் புருஷன் வீரணன் வலை வீசுகிறவன். வாய் திறப்பதே அபூர்வம். "இந்த வீட்டுப் பேச்சு முழுவதையும் இவளே பேசித் தீர்த்துவிடுகிறாள், எனக்கு என்ன மிச்சம்?" என்று சிரிப்பான்.

ஆற்றுக்கு மேற்கே காடு. கோடையில் ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடக்கும்போது யானைக்கூட்டம் இறங்கி வரும். கூட்டத்துக்குத் தலைவி ஒரு பிடி. இடது காதின் ஓரம் கிழிந்திருக்கும். அவள் மணலை முகர்ந்துகொண்டே நடந்து, ஓரிடத்தில் நின்று காலால் தோண்டுவாள். கொஞ்ச நேரத்தில் அங்கே தண்ணீர் ஊறிவிடும். யானைகள் குடித்து முடித்ததும் அந்த ஊற்றில்தான் ஊரே குடம் நிரப்பும்.

"தண்ணீர் எங்கே இருக்கிறதென்று உனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?" என்று சடைச்சி ஒருமுறை கேட்டாள்.

"நீ ஆற்றுக்கு மேலே போகிறவள். நான் அடியில் காது கொடுக்கிறவள்" என்றாள் பிடி.

அந்த நாட்டை வயிரமுடி என்ற அரசன் ஆண்டான். அவனுக்குப் படைக்கு யானைகள் வேண்டியிருந்தன. யானைகள் ஆற்றுக்கு வரும் வழியில் குழி வெட்டி, மேலே சுள்ளியும் புல்லும் பரப்பி மூடும்படி ஆட்களை அனுப்பினான்.

ஒரு நாள் காலையில் பிடி மூச்சிரைக்க ஊருக்குள் வந்தாள்.

"சடைச்சி, எங்கள் வழியில் பூமி பொய் சொல்கிறது. மேலே புல் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. என் குட்டியின் கால் உள்ளே இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் இழுத்து எடுத்தேன்."

"யார் செய்த வேலை?"

"அரசனின் ஆட்கள். அங்கேயே பந்தல் போட்டுத் தங்கியிருக்கிறார்கள்."

சடைச்சி நடுத்தெருவில் போய் நின்றாள். "வாருங்கள்! மண்வெட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்!" என்று ஒரே கத்தல். வந்தார்கள். குழிகளை நிரப்பினார்கள். ஆட்கள் மறுபடியும் வெட்டினார்கள், ஊர் மறுபடியும் நிரப்பியது. பிறகு வேல்காரர்கள் வந்து வழியை மறித்தபோது சடைச்சி, "உட்காருங்கள்" என்றாள். ஊர் முழுவதும் அந்த வழியிலேயே உட்கார்ந்துகொண்டது. பெண்கள் அங்கேயே உலை வைத்தார்கள். வேல்காரர்கள் நின்று நின்று அலுத்துத் திரும்பிப் போனார்கள்.

அரசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவர்களிடம் என்ன ஆயுதம் இருக்கிறது?" என்று அமைச்சன் நெடுங்கோடனைக் கேட்டான்.

"ஆயுதம் ஒன்றும் இல்லை அரசே. வினைச்சொல் இருக்கிறது. ஒருத்தி 'வாருங்கள்' என்றாள், வந்தார்கள். 'உட்காருங்கள்' என்றாள், உட்கார்ந்தார்கள். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் அவர்களால் எதையும் சேர்ந்து செய்ய முடியாது. பெயர்ச்சொற்கள் இருந்துவிட்டுப் போகட்டும். மரம், மாடு, வீடு என்று சொல்லிக்கொண்டு கிடக்கட்டும்."

"சொல்லை எப்படி எடுப்பது?"

"நம் கருவூலத்தில் ஒரு பழைய வெண்கலக் குடம் இருக்கிறது. அதன் வாயில் சொன்ன வினைச்சொல் உள்ளேயே தங்கும். மூடி போட்டுவிட்டால் சொன்னவர்களின் நாக்குக்கு அது திரும்பாது, காதிலும் ஏறாது. மூடியைத் திறக்கிறவரைக்கும் அப்படித்தான்."

"அவர்கள் ஏன் வந்து அதில் சொல்லப்போகிறார்கள்?"

நெடுங்கோடன் சிரித்தான். "குறை கேட்க வந்திருக்கிறோம் என்றால் சொல்லாமல் இருப்பார்களா?"

அப்படியே ஆயிற்று. குடத்தைப் பூமாலை சுற்றி, மேளத்தோடு பாசித்துறைக்குக் கொண்டுவந்தார்கள். "அரசர் உங்கள் குறைகளைக் கேட்க விரும்புகிறார். எல்லாரும் இந்தக் குடத்தில் மனம் விட்டுச் சொல்லுங்கள். மூடி எடுத்துப்போய் அவர் காதருகே திறப்போம்" என்றான் நெடுங்கோடன்.

ஊர் அதுவரைக்கும் அரசனிடம் பேசியதே இல்லை. வரிசையில் நின்று சொன்னார்கள். மழை பெய்யவில்லை என்றார்கள், வரப்பு உடைந்தது என்றார்கள், வேல்காரன் உதைத்தான் என்றார்கள். காட்டில் இருந்து மானும் நரியும் கொக்கும் வந்து சொல்லிவிட்டுப் போயின. எல்லாருடைய பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் முடிந்தது: எங்களை விட்டுவிடுங்கள், எங்கள் ஆற்றை விட்டுவிடுங்கள். பிடியும் தும்பிக்கையைக் குடத்தின் வாயில் வைத்து, "எங்கள் வழியை விட்டுவிடுங்கள்" என்றாள். சடைச்சி எல்லாரையும்விட அதிக நேரம் பேசினாள். எல்லாரும் பேசி முடித்தபோது ஊரும் காடும் புழங்கிய வினைகளில் ஒன்றுகூட வெளியே மிச்சமில்லை.

மாலையில் நெடுங்கோடன் மூடியை அழுத்தி அரக்கு வைத்தான். அடுத்த கணமே கரையில் ஓர் அமைதி விழுந்தது.

சடைச்சி பரிசலுக்குத் திரும்பியவள், வீரணனைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். "மச்சான், வீடு..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. வீட்டுக்கு என்ன? அவள் வாய் மீனின் வாயைப் போலத் திறந்து மூடியது.

அதன் பிறகு பாசித்துறையின் வாழ்க்கை முடம்பட்டது.

"மச்சான், பசி?" என்பாள் சடைச்சி.

"பசி."

"சோறு. குழம்பு."

சோறும் குழம்பும் எதிரே இருந்தன. உண்டார்கள். ஆனால் உண் என்று சொல்ல முடியவில்லை. தாய்மார்கள் தொட்டிலருகே, "கண்ணே, முத்தே, நிலாவே" என்று பெயர்களாக அடுக்கினார்கள். உறங்கு என்பது வராததால் தாலாட்டு எங்கும் போய்ச் சேரவில்லை. காட்டில் பறவைகள் கூட்டமாகக் கிளம்ப முடியாமல் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. அரசனின் ஆட்கள் வந்து எதையாவது கட்டளையிட்டால் பெயர்கள் மட்டும் காதில் விழும், மற்றதெல்லாம் வெறும் காற்று. ஆட்கள் கோலால் தட்டிக் காட்டுவார்கள். குழிகள் மறுபடியும் வெட்டப்பட்டன. தெருவில் நின்று ஊரைக் கூட்ட சடைச்சிக்கு ஒரு சொல் இல்லை.

ஒரு நாள் வீரணனும் பக்கத்து வீட்டு ஒச்சனும் கூரைக்காக ஒரு பனைமரத்தைச் சுமந்து வந்தார்கள். பின்னால் வந்த ஒச்சனுக்குத் தோள் நழுவியது. முன்னால் போகிறவனை எச்சரிக்கத் துடித்தான். "மரம்! மரம்!" என்பதுதான் வந்தது. வழியில் ஏதோ மரம் போலும் என்று வீரணன் நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் பனை அவன் முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் கால் வளைந்தே கூடியது. அன்று முதல் அவனால் முன்போல நீந்த முடியவில்லை. ஒச்சன் வீரணன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதான். மன்னிப்புக் கேட்கக்கூட அவனிடம் வினை இல்லை.

மழைக்காலம் வந்தது. ஒரே பகலில் ஆறு கரை தொட்டு ஓடியது. நடு ஆற்றுத் திட்டில் காயப்போட்ட வலை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று வீரணன் பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். சடைச்சி வந்து பார்த்தபோது வெள்ளம் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பாறையில் மோதியது. பரிசல் ஒருபுறம், வீரணன் ஒருபுறம்.

"மச்சான்! மச்சான்!" சடைச்சி கரையோடு ஓடினாள். ஊர் அவள் பின்னால் ஓடியது. வீரணன் தலை மேலே வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. பக்கத்திலேயே ஒரு நாணல் புதர் வளைந்து தண்ணீரில் கிடந்தது. அவன் கண்ணில் அது படவில்லை. கை நீட்டச் சொல்ல வேண்டும். பற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதற்கு உண்டான சொற்கள் எல்லாம் அரக்கு வைத்த குடத்துக்குள் கிடந்தன. "நாணல்! கை! நாணல்!" என்று அவள் அலறினாள். வெள்ளத்தின் இரைச்சலில் அது யாருக்கும் எதுவாகவும் கேட்கவில்லை. நாணலைத் தாண்டிப் போய்விட்டான்.

கீழே, ஆறு திரும்பும் இடத்தில், வெள்ளம் வடிவதற்காகக் காத்து யானைக்கூட்டம் நின்றிருந்தது. கிழிந்த காது தெரிந்தது. சடைச்சி தன் உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்தாள்.

"பிடி! பிடி!"

பிடி திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு தலை வருவது தெரிந்தது. மார்பளவு ஆழத்துக்கு இறங்கி, கால்களை ஊன்றிக்கொண்டு, தும்பிக்கையை நீட்டினாள். வீரணனுக்கு எதிரே கறுப்பாக ஏதோ நீண்டு வந்தது. காதில் மனைவியின் குரல் விழுந்துகொண்டே இருந்தது. "பிடி! மச்சான்! பிடி!"

அவன் அதைப் பெயராகக் கேட்டானா, கட்டளையாகக் கேட்டானா என்பது பிறகு அவனுக்கே தெரியவில்லை. கைகளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கைகளாலும் தும்பிக்கையைச் சுற்றிக்கொண்டான். பிடி பின்னால் நடந்து அவனைக் கரையில் கிடத்தினாள்.

சடைச்சி அவன் முதுகில் தட்டித் தண்ணீரை வெளியேற்றினாள். பிறகு அழுகை தாங்காமல் அதே கையால் நாலு அடி வைத்தாள். வீரணன் அந்தக் கையை எட்டிப் பற்றினான். இருமிக்கொண்டே, "பிடி" என்றான்.

அவள் யானையைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். யானையைச் சொல்லவில்லை. அவள் கையைச் சுற்றியிருந்த தன் விரல்களைக் காட்டினான். "பிடி" என்றான் மறுபடியும்.

சடைச்சி எழுந்தாள். கரையில் கிடந்த கயிற்றின் ஒரு முனையை ஒச்சனிடம் நீட்டினாள்.

"ஒச்சா, பிடி."

ஒச்சன் ஒரு கணம் விழித்தான். அப்புறம் கயிற்றை இறுக்கிப் பற்றினான். கரையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கூச்சலிட்டார்கள். ஒருத்தி சொல்லி ஒருவன் செய்துவிட்டான். எத்தனையோ நாளாக நடக்காத காரியம்.

சடைச்சி பிடியின் அருகில் போய் நின்றாள். "உன் பெயர்" என்று அவளைத் தொட்டாள். "எங்கள் வாய்?" என்று தன் உதட்டைத் தொட்டாள். பிடி அவள் முகத்தை முகர்ந்தாள். பிறகு தும்பிக்கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தாள்.

அன்றைக்குக் கிடைத்த அந்த ஒற்றைச் சொல்லை ஊர் என்ன பாடு படுத்தியது என்கிறீர்கள்! முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். பிறகு சொல்லுக்குக் கால் முளைத்தது. பிடித்தான், பிடிப்பாள், பிடித்துக்கொண்டு என்று நடக்கவும் ஓடவும் ஆரம்பித்தது. மீன் பிடித்தார்கள். ஊற்றில் தண்ணீர் பிடித்தார்கள். ஈர விறகில் கடைசியாகத் தீ பிடித்தபோது அதையும் அப்படியே சொன்னார்கள். ஒருத்திக்குச் சளி பிடித்தது, ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மாவைக் கையில் அழுத்திக் கொழுக்கட்டை பிடித்தார்கள். மழைக்குத் தலைக்குமேல் பனையோலை பிடித்தார்கள். ஒச்சன் வீரணனின் வளைந்த காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டான். அவன் கேட்க நினைத்த மன்னிப்பு அப்படித்தான் வெளியே வந்தது.

ஒரு சாயங்காலம் வீரணன், "சடைச்சி, உன்னை எனக்குப் பிடிக்கும்" என்றான்.

அவள் தன் கையைப் பார்த்தாள். "எங்கே? கையா?"

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். வாயாடிச் சடைச்சி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சொல் இல்லாததால் அல்ல.

பிடிக்கும் என்பது பிறந்தால் பிடிக்காது என்பது பிறக்காமல் இருக்குமா? அதுவும் பிறந்தது. குழிகளைக் காவல் காத்த ஆட்களைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிக் கூவினார்கள். "குழி பிடிக்காது! கோல் பிடிக்காது! அரசனைப் பிடிக்காது!"

இந்தச் செய்தி கோட்டைக்குப் போயிற்று. "வாயே இல்லாதவர்கள் என்னைப் பிடிக்கவில்லை என்கிறார்களாமே!" என்று அரசன் கொதித்தான். நெடுங்கோடன் ஒரு சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். பாசித்துறையில் வந்து நின்று, அவர்களுக்குப் புரிவதற்காகப் பெயர்களாகவே பேசினான்.

"உங்கள் புதுச் சொல். இந்தக் குடம். உங்கள் வாய். இப்போதே."

சடைச்சி முன்னால் வந்தாள். "எந்தச் சொல், ஐயா?"

"பிடி."

"அதுவா? அது பெயர். உங்கள் குடம் வினைக்கு மட்டும்."

"பெயரா? யாருடைய பெயர்?"

சடைச்சி காட்டின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். மூங்கில்கள் விலகின. கிழிந்த காதோடு பிடி வந்து அமைச்சனுக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்து குடத்தை முகர்ந்தாள். குடத்துக்குள் பெயர் தங்காது என்பது நெடுங்கோடனுக்குத் தெரியும். குடத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

கோட்டையில் அவன் அரசனிடம் சொன்னான்: "அந்த யானை நிற்கிறவரைக்கும் அந்தப் பெயர் நிற்கும். யானையை எடுத்துவிடுங்கள். சொந்தக்காரி இல்லாத பெயர் தானாகச் செத்துப்போகும்."

இந்த முறை அரசன் தானே புறப்பட்டான். தன் பட்டத்துக் களிற்றின் மேல் ஏறிக்கொண்டான். வெண்கலக் குடத்தை யாரிடமும் நம்பி விட்டுவைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டான். பொழுது விடிந்து ஊர் எழும்புவதற்குள் படை ஆற்று வழியில் காத்திருந்தது. தண்ணீர் குடிக்க முன்னால் வந்த பிடியின் காலில் வடத்தை மாட்டினார்கள். வடத்தின் மறுமுனையைப் பட்டத்துக் களிற்றின் கழுத்தில் கட்டினார்கள். அரசன் அங்குசத்தால் குத்தினான். களிறு இழுத்தது. பிடி கால் மடங்கி விழுந்தாள். அவளை மணலில் தேய்த்துக்கொண்டு குழியை நோக்கி இழுத்துப் போனார்கள்.

அவள் பிளிறல் ஊருக்குக் கேட்டது. சடைச்சி அவிழ்ந்த தலையோடு ஓடி வந்தாள். பிடியின் காலுக்கும் களிற்றின் கழுத்துக்கும் நடுவே விறைத்து நின்ற வடத்தின் மேல் விழுந்தாள்.

"பிடி!" என்று கத்தினாள்.

வீரணன் நொண்டிக்கொண்டே வந்து அவளுக்குப் பின்னால் பிடித்தான். ஒச்சன் அவனுக்குப் பின்னால். தாய்மார்கள், பிள்ளைகள், கண் தெரியாதவர்கள், யாரும் மிச்சமில்லை. வடத்தில் இடம் போதாதபோது முன்னால் நிற்கிறவரின் இடுப்பைப் பிடித்தார்கள். குரங்குகள் மரத்தில் இருந்து இறங்கி வந்து பிடித்தன. வேல்காரர்கள் கோலால் விரல்களில் அடித்தார்கள். ரத்தம் வந்தது. "பிடி! பிடி!" என்று ஒரே குரல் எழுந்தது. தன் பெயரைக் கேட்கக் கேட்க, விழுந்து கிடந்த பிடியும் முன்னங்காலை ஊன்றினாள், எழுந்தாள், எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

இப்போது களிறு பின்னால் போக ஆரம்பித்தது. ஓரடி, இன்னோரடி. வடத்தைக் கழற்ற நேரமில்லை. களிற்றுக்குப் பின்னால், வழியோரத்தில், அரசன் வெட்டி வைத்த இன்னொரு குழி இருந்தது. அதன் விளிம்பில் களிற்றின் பின்னங்கால் பட்டதும் புல்லும் சுள்ளியும் சரசரவென்று உள்ளே சரிந்தன.

"விடுங்கள்!" என்று அரசன் அலறினான். "விடுங்கள்! விட்டுவிடுங்கள்!"

ஒருவரும் விடவில்லை. அரசனின் வாய் அசைவது தெரிந்தது. காதில் காற்று மட்டும் வந்தது.

"விடுங்கள் என்கிறேனே! செவிடர்களா?"

சடைச்சி வடத்தில் இருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து வடம் சிவந்திருந்தது.

"அரசே, உன் பேச்சு எங்கள் காதில் வெறும் காற்று. எங்கள் சொல் எல்லாம் உன் மடியில், அந்தக் குடத்தில்!"

களிற்றின் இரண்டாவது கால் வழுக்கியது. அரசனுக்கு வேறு வழியில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி மூடிவிடலாம் என்று நினைத்து, அரக்கைப் பிய்த்து மூடியை விரல் அகலத்துக்குத் திறந்தான். அத்தனை நாள் நெருக்கியடித்துக் கிடந்த சொற்கள் ஒன்றுக்காகக் காத்திருக்குமா? மூடி பறந்தது. தேன்கூடு கலைந்ததுபோல ஓர் இரைச்சல். வா, போ, அழு, சிரி, பாய், நில், உறங்கு என்று எல்லாம் கரை முழுவதும் பறந்து அவரவர் நாக்கைத் தேடி வந்து உட்கார்ந்தன.

"விடுங்கள்!" என்றான் அரசன்.

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் புரிந்தது. வடத்தைப் பற்றியிருந்த அத்தனை பேரும் சடைச்சியைப் பார்த்தார்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.

"விடமாட்டோம்" என்றாள்.

"விடமாட்டோம்!" என்றது கரை.

"முதலில் நீங்கள் விடுங்கள்" என்றாள் சடைச்சி. "அவள் காலில் மாட்டிய வடத்தை அவிழுங்கள். வெட்டிய குழிகளை உங்கள் ஆட்களை வைத்தே மூடுங்கள். அதுவரைக்கும் நாங்கள் இப்படியே நிற்போம். களிறு பாவம், அதற்காகத்தான் இழுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். உங்களுக்காக இல்லை."

அரசன் அமைச்சனைத் தேடினான். நெடுங்கோடன் எப்போதோ போய்விட்டிருந்தான். வேல்காரர்கள் வேல்களைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். குழிகள் மூடப்பட்டன. பிடியின் கால் அவிழ்ந்தது. பட்டத்துக் களிற்றின் கழுத்தில் இருந்த வடத்தையும் வீரணன் அறுத்துவிட்டான். அந்தக் களிறு சின்ன வயதில் இதே போன்ற ஒரு குழியில் விழுந்ததுதான். அது மண்டியிட்டு அரசனை இறக்கிவிட்டது. "இனி நீங்கள் நடந்து போங்கள்" என்று சொல்லிவிட்டுக் காட்டை நோக்கி நடந்தது. அரசனும் நடந்துதான் போனான்.

சடைச்சியின் விரல்கள் அதன் பிறகு முழுதாக நிமிரவே இல்லை. துடுப்புப் போடும்போது அது ஒரு விதத்தில் வசதி என்று சொல்லிக்கொள்வாள்.

அன்று மாலை ஊர் தொண்டை வலிக்கப் பேசியது. தொட்டில்களில் குழந்தைகள் உறங்கின. ஆனால் சில பழைய சொற்கள் மட்டும் இறங்க இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. மீனை அகப்படுத்துவதற்கு முன்பு இருந்த சொல் வீரணனின் உதட்டருகே வந்து நின்றது. அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஏன் அண்ணே? உன் பழைய சொல்தானே?" என்றான் ஒச்சன்.

"நான் தண்ணீரில் மூழ்கும்போது அது குடத்தில் இருந்தது. இது என்னோடு தண்ணீரில் இருந்தது."

நெருப்பின் சொல்லும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தேன் ஊறும் அந்தச் சொல் சடைச்சியிடம் வெகு நேரம் கெஞ்சியது. "தேனெல்லாம் வேண்டாம். எனக்குப் பிடிக்கும் என்றால் போதும்" என்றாள் அவள். போக்கிடம் இல்லாத அந்தச் சொற்கள் ஆற்றோடு போய்க் கடலில் கலந்தன. அவை என்ன சொற்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது.

சடைச்சி பிடியைத் தேடிப் போனாள். "உன் பெயரைத் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு வேலை முடிந்துவிட்டது" என்றாள்.

"முடிந்துவிட்டதா? நாளைக்கு இன்னோர் அரசன் வருவான்" என்றாள் பிடி. "நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் இருக்கட்டும்."

அந்த நாளில் தொடங்கித்தான் ஒரே 'பிடி' மீனுக்கும் தீக்கும் சளிக்கும் கொழுக்கட்டைக்கும் மனசுக்கும் சலிக்காமல் உழைத்துக்கொண்டு, பெண் யானைக்குப் பெயராகவும் நிற்கிறது. 'விடு' என்று அதட்டுகிறவன் முன்னால் கையை இன்னும் இறுக்கிக்கொள்கிறவரைப் பார்த்து, 'அடம் பிடிக்கிறார்' என்று நாமும் சொல்கிறோம்.